நடந்தா வந்திருப்பார்கள்?

கனகசெட்டிக்குளத்தில் புதுவைக்குப் பேருந்து ஏறினால் சற்று நேரத்தில் காலாப்பட்டு. அங்கே அம்பேத்கர் சட்டக் கல்லூரி இருக்கிறது. மத்திய சிறையும் இருக்கிறது. அந்தப் பேருந்தில் போகும் சட்டக் கல்லூரிப் பிள்ளைகளிடம் நான் சொல்வது, பாடப் புத்தகத்தோடு இரண்டு நாவல்களையும் படியுங்கள் என்பதுதான்.

ஒன்று, அமெரிக்க எழுத்தாளர் ஹார்ப்பர் லீ 1960-ல் வெளியிட்ட 'டு கில் எ மாக்கிங்பேர்ட்'. டாம் ராபின்சன் கறுப்பினக் கூலித் தொழிலாளி. வெள்ளைக்காரப் பெண் ஒருத்தியை அடித்துப் பாலியல் வன்கொடுமை செய்ததாக அவர் மேல் பொய் வழக்கு. அடிபட்டது பெண்ணின் முகத்தில் வலப்பக்கம். அப்படி அடிக்க இடக்கை ஓங்க வேண்டும். டாமுக்கு இடக்கையே வராது. சிறு வயதில் பஞ்சு பிரிக்கும் இயந்திரத்தில் சிக்கிச் செயலிழந்த கை. வழக்கு அங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால், கூலி வாங்காமல் அவளுக்கு ஏன் வேலை செய்து கொடுத்தாய் என்று அரசு வக்கீல் கேட்கிறார். அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது என்கிறார் டாம். ஒரு கறுப்பர் வெள்ளைக்காரியைப் பார்த்து இரக்கப்படுவதா? பொய்யை மன்னித்தாலும் மன்னிப்பார்கள், இதை மன்னிக்க மாட்டார்கள். வெள்ளையர்கள் மட்டுமே இருந்த ஜூரி, குற்றவாளி என்றது.

அது கதை. நம் மண்ணில் நடந்தது கதையல்ல. 1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரே குடிசையில் வைத்து எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்ட நிலவுடைமையாளர்களுக்குக் கீழ் நீதிமன்றம் பத்தாண்டுச் சிறை விதித்தது. 1973-ல் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. அதற்கு எழுதிய காரணங்களில் ஒன்றை இன்று படித்தாலும் வயிறு எரிகிறது. இவர்கள் பெரும் பணக்காரர்கள், கார் வைத்திருப்பவர். இப்படிப்பட்டவர்கள் ஆட்களை ஏவாமல் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்தார்கள் என்பதை நம்ப முடியவில்லையாம்.

டாமுக்குக் கை வராது, ஆனாலும் அடித்தது அவர்தான். மிராசுதாரர்களுக்குக் கால் நன்றாகவே நடக்கும், ஆனாலும் நடந்திருக்க மாட்டார்கள். இரண்டு இடத்திலும் எடை போடப்பட்டது சாட்சியம் இல்லை. இன்ன பிறப்பு, இன்ன சொத்து உள்ளவன் எதைச் செய்வான், எதைச் செய்ய மாட்டான் என்று முன்பே மனதில் இருந்த கணக்குதான்.

வெண்மணியை வைத்து இந்திரா பார்த்தசாரதி எழுதிய 'குருதிப்புனல்' 1977-ல் சாகித்ய அகாடமி விருது பெற்றது. பண்ணையாரின் கொடுமைக்கு அவருடைய உடற்குறையில் காரணம் தேடிய நாவல் அது. எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. நான் சொல்லும் இரண்டாவது நாவல் மீனா கந்தசாமி 2014-ல் ஆங்கிலத்தில் எழுதியது. 'குறத்தி அம்மன்' என்று தமிழில் கிடைக்கிறது. தப்பிப் பிழைத்தவர்களின் சொல் நீதிமன்றத்தில் எப்படிக் கழித்துக் கட்டப்பட்டது என்பதை அதில் பார்க்கலாம். ஹார்ப்பர் லீயிடம் எனக்கு உள்ள குறையும் இதுதான். அங்கே நாயகர் வெள்ளைக்கார வக்கீல். டாமின் மனைவி ஹெலன் வாய் திறப்பதே அபூர்வம்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016 ஜனவரி முதல் 15ஏ என்றொரு பிரிவு நடைமுறையில் இருக்கிறது. எதிரிக்கு ஜாமீன் கொடுப்பதா, வழக்கிலிருந்து விடுவிப்பதா, தண்டனை எவ்வளவு என்ற எல்லாக் கட்டத்திலும் பாதிக்கப்பட்டவரோ அவரைச் சார்ந்தவரோ தம் தரப்பைச் சொல்ல உரிமை உண்டு. வழக்கு நடவடிக்கைகளை வீடியோவில் பதிவு செய்ய வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. சட்டம் படிக்கும் பிள்ளைகள் விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது, அந்தப் பிரிவின் எண்ணைத் தெருவில் நாலு பேருக்கு எழுதிக் கொடுங்கள்.