ஊர் ஆவணமும் ஊரார் உரிமையும் – 5: ஏட்டின் பெயரறிந்து கேட்டல்

விழுப்புரம் மாவட்டம், செஞ்சி வட்டத்தைச் சேர்ந்த தொண்டூர் போன்ற ஒரு கிராமத்தின் நில ஆவணங்கள் ஒரே கூரையின் கீழ் இருப்பதில்லை. ஆண்டுதோறும் எழுதப்படும் சாகுபடிக் கணக்கு கிராம நிர்வாக அலுவலரிடமும், நில உரிமைப் பதிவேடுகளும் புலப்படங்களும் வட்டாட்சியர் அலுவலகத்திலும், கிரயம், அடமானம் முதலிய பத்திரங்களின் பதிவு சார் பதிவாளர் அலுவலகத்திலும் உள்ளன. விழுப்புரம் மாவட்டம் பழைய தென்னார்க்காட்டிலிருந்து 1993-இல்தான் பிரிக்கப்பட்டது என்பதால், அதற்கு முந்தைய மாவட்ட அளவிலான கோப்புகளைத் தேடுவோர் பழைய தலைநகரான கடலூரிலும் விசாரிக்க வேண்டியிருக்கும். இன்னும் பழைய அரசாணைகளுக்குச் சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தை நாட வேண்டும். ஆகவே, எந்த விவரம் எந்த ஏட்டில், எந்த அலுவலகத்தில் இருக்கிறது என்று அறிவதே ஆவணம் கேட்பவரின் முதல் வேலை.

தலைமுறை தலைமுறையாக இந்த அறிவு ஊரில் ஒருசிலரிடமே இருந்தது. கர்ணம், மணியக்காரர் ஆகிய பதவிகள் பரம்பரை வழியில் வந்த காலத்தில் கிராமக் கணக்கு என்பது ஏறத்தாழ அக்குடும்பங்களின் வீட்டுச் சொத்தாகவே கருதப்பட்டது. 1980 நவம்பரில் அரசு அப்பதவிகளை ஒழித்து, பின்னர் தேர்வின் மூலம் கிராம நிர்வாக அலுவலர்களை நியமித்தபோது ஏடுகள் அரசின் கைக்கு வந்தன. ஆனால் அவற்றைப் படிக்கும் பயிற்சி ஊராருக்கு இன்னும் போதிய அளவில் வந்து சேரவில்லை.

அடிப்படை ஏடுகள் நான்கு. புல எண் வரிசையில் ஒவ்வொரு நிலத்தின் வகை, பரப்பு, தீர்வை, பட்டாதாரர் பெயர் ஆகியவற்றைக் காட்டுவது ‘அ’ பதிவேடு. பட்டாதாரர் வாரியாக அவரவர் நிலங்களைத் தொகுத்துக் காட்டுவது சிட்டா. ஜூலை முதல் ஜூன் வரையிலான பசலி ஆண்டில் எந்தப் புலத்தில் என்ன பயிரிடப்பட்டது என்று பதிவது அடங்கல். நிலத்தின் எல்லைகளையும் அளவுகளையும் வரைந்து காட்டுவது புலப்படம். இவற்றில் சிட்டா, ‘அ’ பதிவேட்டுப் பகுதி, புலப்படம் ஆகியவற்றைத் தமிழக அரசின் இணையச் சேவையிலேயே பார்வையிடலாம்.

இணையம் காட்டுவது இன்றைய நிலையை மட்டுமே. தொண்டூரில் ஒருவருடைய பாட்டனார் உழுத நிலம் இன்று வேறொருவர் பெயரில் இருப்பதாகக் கொண்டால், அந்த மாற்றம் எப்போது நிகழ்ந்தது என்பதைக் காணப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். ‘அ’ பதிவேட்டில் இன்றைய எண்ணுக்கு அருகிலேயே பழைய புல எண்ணும் குறிக்கப்பட்டிருக்கும்; பழைய ஏடுகளைத் திறக்கும் சாவி அதுவே. அந்த எண்ணைக் கொண்டு, 1979-இல் தொடங்கிய நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில், அதாவது மக்கள் யு.டி.ஆர். என்று சொல்லும் பணியில், எழுதப்பட்ட பதிவேட்டையும், அதற்கு முந்தைய நிலவரித் திட்டப் பதிவேட்டையும் கேட்டுப் பெற்று ஒப்பிட்டால், பெயர் மாறிய கட்டம் தெரியவரும்.

பத்திரப் பதிவைப் பொறுத்தவரை, 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு தெளிவானது. அசையாச் சொத்துப் பத்திரங்கள் பதியப்படும் 1-ஆம் புத்தகத்தையும் அதன் அட்டவணைகளையும் உரிய கட்டணம் செலுத்தி எவரும் பார்வையிடலாம், நகலும் பெறலாம். உயில்கள் பதியப்படும் 3-ஆம் புத்தகத்தின் நகலோ, எழுதியவர் உயிரோடிருக்கும்வரை அவருக்கோ அவருடைய முகவருக்கோ மட்டுமே கிடைக்கும்.

வழக்கமான நகல் மனுவுக்குப் பதில் வராதபோது துணை நிற்பது 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். தமிழ்நாடு 1997-லேயே இத்தகைய சட்டம் ஒன்றை இயற்றியிருந்தாலும், காலக்கெடுவும் தண்டமும் கொண்ட வலுவான கருவி 2005-இல்தான் கிடைத்தது. பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதும் மனுவில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டி அனுப்பலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும். அலுவலகம் மாறி அனுப்பப்பட்ட மனுவை 5 நாட்களுக்குள் உரிய அலுவலகத்துக்கு மாற்றி அனுப்புவது பெற்றவரின் கடமை. பதில் வராவிட்டாலோ நிறைவளிக்காவிட்டாலோ 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடும், அதன் பின் 90 நாட்களுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடும் செய்யலாம். தக்க காரணமின்றித் தாமதித்த அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை தண்டம் விதிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

மனுக்கள் பெரும்பாலும் தோற்பது வாசகத்தில்தான். “என் நிலம் ஏன் பிறர் பெயருக்கு மாறியது?” என்பது விளக்கம் கேட்பது; கைவசமுள்ள ஆவணத்தைத் தருவதே அலுவலரின் கடமை, புதிதாக விளக்கம் உருவாக்கித் தருவதன்று என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் தெளிவுபடுத்தியிருக்கிறது. “இன்ன கிராமம், இன்ன புல எண்ணுக்குரிய பட்டா மாறுதல் உத்தரவு, அதற்கு அடிப்படையான விசாரணை அறிக்கை ஆகியவற்றின் சான்றிட்ட நகல்கள் வேண்டும், அக்கோப்பை நேரில் பார்வையிடவும் அனுமதி வேண்டும்” என்று எழுதினால், அலுவலர் அந்த ஏட்டைத் தேடித்தான் ஆக வேண்டும். பிறருடைய தனிப்பட்ட விவரங்களைக் கேட்டால் 8-ஆம் பிரிவின் கீழ் மறுக்கப்படலாம் என்பதால், நபரைப் பற்றிக் கேட்காமல் நிலத்தைப் பற்றிக் கேட்பதே தக்கது.

இந்த நுணுக்கம் எளியவர்க்கே மிகுதியும் தேவை. செங்கல்பட்டு ஆட்சியர் திரெமென்கீர் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து 1892 முதல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிபந்தனையுடன் வழங்கப்பட்ட பஞ்சமி நிலங்களில் ஒன்று கைமாறியிருந்தால், அதை மீட்க முதற்சான்றாக நிற்பவை பழைய பதிவேட்டில் அந்த நிபந்தனையைக் காட்டும் சில எழுத்துகளே. அந்தப் பக்கத்தின் நகல் இல்லாதவர் எவ்வளவு நியாயம் பேசினாலும் அது அலுவலகத்திலும் நீதிமன்றத்திலும் எடுபடுவதில்லை.

கேட்காமலேயே வெளியிட வேண்டியவற்றை வெளியிடுமாறு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு ஒவ்வோர் அலுவலகத்தையும் பணிக்கிறது. ஆனால் அதை மட்டும் நம்பியிராமல், ஆண்டுதோறும் வட்ட அளவில் நடக்கும் ஜமாபந்தியில் கிராமக் கணக்குகள் தணிக்கைக்கு வரும்போது ஊரார் தம் ஊர் ‘அ’ பதிவேட்டைப் பார்த்துப் பழகுவதும், தம் நிலத்துக்குரிய பக்கங்களின் சான்றிட்ட நகலைத் தகராறு வருமுன்பே வாங்கி வைப்பதும் வழக்கமாக வேண்டும். மேல்முறையீட்டு மனுவை எழுதும் முறை அடுத்த பகுதியில் விளக்கப்படும்.