விழுந்தது வயதாலா, குளிசையாலா?

வீட்டில் முதியவர் ஒருவர் விழுந்துவிட்டால், "வயது போனால் அப்படித்தான்" என்று சொல்லிவிடுகிறோம். அவர் நாளாந்தம் எடுக்கும் குளிசைகளை யோசித்துப் பார்ப்பதில்லை. நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மருந்துகளைப் பாவிக்கும் முதியவர்கள் விழும் ஆபத்து அதிகம்.

போருக்குப் பின்னர் எங்கள் வீடுகள் பலவற்றில் உழைப்பவளும் பெண், தாய் தந்தையைப் பராமரிப்பவளும் அதே பெண். தாயின் இடுப்பெலும்பு முறிந்தால் அவளுடைய கூலி வேலையும் நின்றுபோகும். ஆகவே இது முழுக் குடும்பத்துக்கும் உரிய விடயம்.

கவனிக்க வேண்டிய குளிசைகள்

இரத்த அழுத்தக் குளிசைகள்: படுக்கையிலிருந்து சடுதியாக எழும்பும்போது அழுத்தம் இறங்கித் தலை சுற்றும், கண் இருளும். பிரசோசின் தொடங்கிய முதல் நாட்களிலும் அதன் அளவைக் கூட்டிய நாட்களிலும் கூடுதல் அவதானம் தேவை.

சலத்தைக் கூட்டும் குளிசை: இதை இரவில் எடுத்தால், இருட்டில் பலமுறை மலசலகூடத்துக்கு நடக்க நேரிடும். காலையில் எடுக்கலாமா என்று வைத்தியரிடம் கேளுங்கள்.

நித்திரைக் குளிசை: இழப்புகளின் பின் நித்திரை வராமல் டயசிபாம் எடுக்கத் தொடங்கி, வருடக்கணக்காகத் தொடரும் தாய்மார் உள்ளனர். முதியவர்களின் உடலில் இம்மருந்து நீண்ட நேரம் தங்கும். மறுநாளும் நடை தள்ளாடும். ஆயினும் திடீரென நிறுத்தக்கூடாது. வைத்தியரின் சொற்படி சிறிது சிறிதாகவே குறைக்க வேண்டும்.

நீரிழிவுக் குளிசை, இன்சுலின்: சாப்பிடாமல் எடுத்தால் சீனி இறங்கி வியர்வை, நடுக்கம், மயக்கம் வரலாம். விரதம் பிடிக்க முன் வைத்தியரிடம் கேட்பது அவசியம். சீனி இறங்கினால், நினைவு உள்ளபோது சீனித் தண்ணீர் கொடுங்கள்.

தடிமனுக்கும் சொறிக்கும் கடையில் வாங்கும் பிரிட்டன் போன்றவையும் நித்திரைத் தூக்கத்தை உண்டாக்கும்.

நாம் செய்யக்கூடியவை

* கிளினிக்குக்குப் போகும்போது வீட்டிலுள்ள எல்லாக் குளிசைகளையும் ஒரே பையில் கொண்டு செல்லுங்கள். தனியார் வைத்தியர் தந்தவை, கடையில் வாங்கியவை, நாட்டு மருந்து எதையும் விடவேண்டாம். ஒரே மருந்து இரண்டு பெயர்களில் வந்து இரட்டிப்பாக எடுபடுவதும் உண்டு.

* விழுந்ததையும் தலைச்சுற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். படுத்திருக்கும்போதும் எழுந்து நின்ற பின்னரும் அழுத்தத்தை அளக்கும்படி கேளுங்கள். எழுந்து மூன்று நிமிடத்துக்குள் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் வைத்தியர் மருந்தை மீண்டும் பார்க்க வேண்டும்.

* கட்டில் விளிம்பில் சில நிமிடம் இருந்து, பிடித்துக்கொண்டு எழும்பப் பழக்குங்கள். கட்டிலருகே டோர்ச் லைட் இருக்கட்டும். மலசலகூடம் வெளியே இருந்தால் இரவில் ஒருவர் துணைக்குப் போக வேண்டும்.

* அயலவரின் குளிசையைக் கொடுக்காதீர்கள்.

விழுந்தவர் வாபரின் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுப்பவராகித் தலை அடிபட்டிருந்தால், காயம் தெரியாவிட்டாலும் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். 1990 இலவச அம்புலன்ஸ் சேவையை அழைக்கலாம்.

இவற்றை வாசித்துவிட்டுப் பயத்தில் எந்தக் குளிசையையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். அழுத்தக் குளிசையை நிறுத்தினால் பாரிசவாதம் வரக்கூடும். அடுத்த கிளினிக் நாளில், "இவற்றில் அம்மாவுக்கு இன்னும் தேவையானவை எவை?" என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.