இதய நோயாளியின் ரத்தம் என்ன சொல்கிறது?

இதயச் செயலிழப்பால் மருத்துவமனையில் சேர்ந்தவரின் வீட்டார், வார்டு வாசலில் மருத்துவரைத் தனியே அழைத்துக் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "உண்மையைச் சொல்லுங்க டாக்டர், இன்னும் எவ்வளவு நாள்?" பம்பிங் 30 சதவீதம்தான் என்று எக்கோ சொல்லியிருக்கும். அந்த ஓர் எண்ணை வைத்துக்கொண்டு இதற்குப் பதில் சொல்ல முடியாது. அதே 30 சதவீதத்தோடு பல ஆண்டுகளாகக் கடைத்தெருவுக்கு நடந்து போய்வருகிறவரும் இருக்கிறார். சில மாதங்களுக்குள் இரண்டு மூன்று முறை மூச்சிரைப்போடு அவசரப் பிரிவுக்கு வருகிறவரும் இருக்கிறார். இந்த இருவரையும் பிரித்துக் காட்டும் தடயங்களில் பல ரத்தத்தில் இருக்கின்றன, சில மரபணுவில். எது எதைச் சொல்லும் என்று தெரிந்துகொண்டால், வீண் பயமும் வீண் செலவும் குறையும்.

பன்றி மூளையில் கிடைத்த இதய ஹார்மோன்

1981-ல் கனடாவில் அடோல்ஃபோ டி போல்ட் என்ற ஆய்வாளர், எலிகளின் இதய மேலறைத் திசுவிலிருந்து சாறு எடுத்து வேறு எலிகளுக்குச் செலுத்திப் பார்த்தார். அவற்றுக்குச் சிறுநீர் பெருகியது, உப்பும் சேர்ந்து வெளியேறியது. ரத்தத்தை இறைக்கும் இதயம், சிறுநீரகத்துக்குச் சேதி அனுப்பும் சுரப்பியாகவும் இருக்கிறது என்பது அப்படித் தெரியவந்தது. 1988-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு ஹார்மோனைப் பன்றியின் மூளையிலிருந்து பிரித்தெடுத்தார்கள். அதனால் 'பிரெய்ன்' என்ற சொல் அதன் பெயரில் ஒட்டிக்கொண்டது. பிறகு பார்த்தால், அதை அதிகம் சுரப்பது இதயத்தின் கீழறைகள். அதுதான் பி.என்.பி. அதோடு சேர்ந்து பிறக்கும் துண்டுதான் என்.டி. ப்ரோ பி.என்.பி.

கீழறையின் சுவர் அளவுக்கு மீறி விரியும்போது இது சுரக்கிறது. "தாங்க முடியவில்லை, நீரை வெளியேற்று" என்று இதயம் முறையிடுவதாக எடுத்துக்கொள்ளலாம். மூச்சுத்திணறலோடு வந்தவருக்கு பி.என்.பி. 100-க்குக் கீழோ, என்.டி. ப்ரோ பி.என்.பி. 300-க்குக் கீழோ இருந்தால், திணறலுக்குக் காரணம் இதயமாக இருக்கும் வாய்ப்பு குறைவு. செயலிழப்பு உறுதியானவர்களிடம் இந்த எண் எவ்வளவு உயர்கிறதோ, அந்த அளவுக்கு மரண அபாயமும் மறுபடி அட்மிட் ஆகும் அபாயமும் உயர்கின்றன.

ஒருநாள் எண்ணைவிட, எண் போகும் திசை அதிகம் சொல்லும். சேரும்போது இருந்த அளவு, டிஸ்சார்ஜ் ஆகும்போது 30 சதவீதத்துக்கு மேல் இறங்கியிருந்தால் நல்ல அறிகுறி. சிகிச்சைக்குப் பிறகும் இறங்காமல் நின்றால், வீட்டுக்குப் போனபின் கண்காணிப்பு இறுக வேண்டும். சிறுநீரகக் கோளாறும் முதுமையும் இந்த எண்ணை ஏற்றிக் காட்டும். உடல் பருமன் இறக்கிக் காட்டும். சாக்குபிட்ரில் கலந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு பி.என்.பி. தானாகவே கூடலாம். அந்த மருந்து அதைச் சிதைக்கும் நொதியைத் தடுப்பதே காரணம். அவர்களுக்கு என்.டி. ப்ரோ பி.என்.பி.தான் சரியான அளவுகோல். இரண்டு ரிப்போர்ட்டில் இரண்டு விதமான பரிசோதனை செய்துவிட்டு எண்களை ஒப்பிட்டுப் பதறும் குடும்பங்கள் உண்டு. அப்படி ஒப்பிடவே கூடாது.

யாரும் படிக்காத வரி

சி.பி.சி. என்ற சாதாரண ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் எல்லோர் வீட்டு ஃபைலிலும் இருக்கும். அதில் ஹீமோகுளோபினுக்குக் கொஞ்சம் கீழே ஆர்.டி.டபிள்யூ. என்று ஒரு வரி. சிவப்பணுக்கள் ஒரே அளவில் இருக்கின்றனவா, பெரிதும் சிறிதுமாகக் கலந்திருக்கின்றனவா என்பதைச் சொல்லும் எண் அது. வழக்கமாக 11.5 முதல் 14.5 வரை இருக்கும். 2007-ல் வெளியான ஓர் ஆய்வு, 2,679 இதயச் செயலிழப்பு நோயாளிகளிடம் 36 ஆய்வக அளவுகளை அலசியது. யாருக்கு ஆபத்து அதிகம் என்பதை முன்கூட்டிக் காட்டுவதில் முன்வரிசையில் வந்து நின்றது, அதுவரை யாரும் பொருட்படுத்தாத இந்த ஆர்.டி.டபிள்யூ.

சிவப்பணு, எலும்பு மஜ்ஜையில் பிறக்கிறது. உடலில் அழற்சி நீடித்தால், சிறுநீரகம் தளர்ந்தால், இரும்புச்சத்து குறைந்தால், மஜ்ஜையின் வேலை கெடுகிறது. அளவு பிசகிய அணுக்கள் வெளியே வருகின்றன. ஆக, இந்த எண் இதயத்தோடு சேர்ந்து மொத்த உடலின் நிலையையும் காட்டுகிறது.

இங்கேதான் செய்யக்கூடிய காரியம் ஒன்று இருக்கிறது. இதயச் செயலிழப்பு உள்ளவருக்கு ஃபெரிட்டின் 100-க்குக் கீழே இருந்தாலே இரும்புச்சத்துக் குறைவு என்று கொள்வார்கள், ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும்கூட. இவர்களில் பம்பிங் குறைந்தவர்களுக்கு நரம்பு வழியாக இரும்புச்சத்து ஏற்றினால் நடக்கும் தெம்பு கூடுகிறது. மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்த சோதனையில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. ரத்தசோகை இவ்வளவு பரவலாக உள்ள நம் நாட்டில், இதய நோயாளிகளுக்கு ஃபெரிட்டின் பார்க்காமல் விடுவது எனக்கு வருத்தமளிக்கிறது.

2006-ல் வெளிவந்த சியாட்டில் கணக்கீட்டு முறையும் இத்தகைய சாதாரண அளவுகளைத்தான் நம்புகிறது. வயது, பம்பிங், சாப்பிடும் மருந்துகளோடு ஹீமோகுளோபின், சோடியம், யூரிக் அமிலம், கொலஸ்ட்ரால், நிணவணுக்களின் விகிதம் ஆகியவற்றையும் சேர்த்துக் கணக்கிடுகிறார்கள். சோடியம் குறைவது கெட்ட அறிகுறி. முற்றிய செயலிழப்பில் கொலஸ்ட்ரால் மிகவும் இறங்குவதும் அப்படித்தான். உடல் கரைகிறது என்று பொருள். கணக்கில் வரும் விடை, இதே நிலையில் உள்ள நூறு பேரில் எத்தனை பேர் ஓராண்டு, ஈராண்டு கடப்பார்கள் என்பதுதான். அந்த நூறு பேரில் உங்கள் அப்பா எந்தப் பக்கம் என்று அது சொல்லாது.

ட்ரோபோனின்

மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் பரிசோதனையாக இதைப் பலர் அறிவார்கள். இதயத் தசை அணு சிதைந்தால் இந்தப் புரதம் ரத்தத்தில் கசியும். மாரடைப்பே இல்லாத நாள்பட்ட நோயாளியிடமும் இது லேசாக உயர்ந்தே இருந்தால், தசை மெல்ல மெல்லத் தேய்கிறது என்று அர்த்தம். பி.என்.பி. சுமையைச் சொல்கிறது, ட்ரோபோனின் சேதத்தைச் சொல்கிறது. இரண்டும் சேர்ந்து உயர்ந்தவர்களுக்குத்தான் அபாயம் அதிகம்.

மரபணு எங்கே பேசும், எங்கே பேசாது

2007-ல் 9-வது குரோமோசோமில் 9பி21 என்ற இடத்திலுள்ள மாறுபாடுகள் மாரடைப்பு அபாயத்தைக் கூட்டுகின்றன என்று தெரிந்தபோது பெரிய எதிர்பார்ப்பு எழுந்தது. ஏற்கெனவே இதயநோய் வந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் பிறகு பார்த்தார்கள். அடுத்த மாரடைப்பையோ மரணத்தையோ அந்த மாறுபாடு முன்கூட்டிச் சொல்லவில்லை. நோய் வரும் வழி வேறு, வந்தபின் பிழைக்கும் வழி வேறு. ஆகவே ஸ்டென்ட் வைத்துக்கொண்டவரிடம் "ஆயுளைச் சொல்லும் ஜீன் டெஸ்ட்" என்று யாராவது விற்க வந்தால், பணத்தைப் பத்திரப்படுத்துங்கள்.

விதிவிலக்குகளும் உண்டு. எல்.எம்.என்.ஏ. மரபணுவில் பிழை உள்ளவர்களுக்கு, பம்பிங் பெரிதாகக் குறையும் முன்பே இதயத்துடிப்பு தாறுமாறாகித் திடீர் மரணம் நேரலாம். இந்தப் பிழை தெரிந்தால், அதிர்ச்சி கொடுத்துத் துடிப்பைச் சீராக்கும் ஐ.சி.டி. கருவியை வழக்கத்தைவிட முன்னதாகவே பொருத்த மருத்துவர்கள் யோசிப்பார்கள். இங்கே மரபணு உயிர் காக்கிறது.

நம் மண்ணுக்கு நெருங்கிய செய்தி ஒன்றும் இருக்கிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் ஹைதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வாளர்களும் பங்கேற்ற ஆய்வு 2009-ல் வெளியானது. எம்.ஒய்.பி.பி.சி.3 என்ற இதயத் தசை மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டிருப்பது இந்தியத் துணைக்கண்டத்தில் சுமார் 4 சதவீதம் பேரிடம் உள்ளது, செயலிழப்பு அபாயத்தை ஏறத்தாழ 7 மடங்கு கூட்டுகிறது என்று அது கண்டது. பிற்பாடு வந்த ஆய்வுகள், அதைச் சுமக்கும் பெரும்பாலோர் நலமாகவே இருக்கிறார்கள் என்றும், கூடவே வரும் வேறொரு மாறுபாடே தசை தடிப்பதற்குப் பெரிதும் காரணமாகிறது என்றும் காட்டின. எண்ணிக்கையில் பெரிய அந்த 4 சதவீதத்தைக் கேட்டு அஞ்ச வேண்டியதில்லை.

பிறந்தபின் வரும் பிழைகளும் உண்டு. வயதாக ஆக, மஜ்ஜையின் மூல அணு ஒன்றில் டி.என்.எம்.டி.3ஏ, டெட்2 போன்ற மரபணுக்கள் பிசகி, அந்த அணுவின் வாரிசுகள் ரத்தத்தில் பெருகுகின்றன. 70 வயதைத் தாண்டியவர்களில் பத்தில் ஒருவருக்கு மேல் இது உண்டு. 2019-ல் வெளியான ஜெர்மானிய ஆய்வில், இந்தப் பிசகு இருந்த இதயச் செயலிழப்பு நோயாளிகள் குறைந்த காலமே வாழ்ந்தார்கள். இதற்கென்று தனிச் சிகிச்சை இன்னும் நடைமுறைக்கு வரவில்லை.

மருத்துவரிடம் கேட்க

"எவ்வளவு நாள்?" என்பதற்குப் பதிலாக, "இந்த எண் இப்படி இருப்பதால் சிகிச்சையில் எதை மாற்றப்போகிறோம்?" என்று கேளுங்கள். டிஸ்சார்ஜுக்கு முன் என்.டி. ப்ரோ பி.என்.பி. மறுபடி பார்த்தார்களா, ஃபெரிட்டின் பார்த்தார்களா, சோடியமும் கிரியாட்டினினும் எந்தப் பக்கம் நகர்கின்றன என்று கேட்டுத் தேதியோடு ஒரே தாளில் எழுதி வையுங்கள். முடிந்தவரை ஒரே ஆய்வகத்தில் பரிசோதியுங்கள். குடும்பத்தில் யாராவது 40, 45 வயதுக்குள் திடீரென்று இறந்திருந்தாலோ, அடைப்பு எதுவும் இல்லாமலே இருவருக்கு இதயம் வீங்கியிருந்தாலோ, கேட்காமலே அதைச் சொல்லிவிடுங்கள். அப்போது மரபணுப் பரிசோதனைக்குப் பொருள் உண்டு. நோயாளியின் உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும் அதே வாரத்தில் ஓர் ஈ.சி.ஜி.யும் எக்கோவும் எடுத்துக்கொள்ளட்டும்.