பைலகுப்பே பாடம்: அகதிகளின் கல்வியில் முடிவெடுப்பது யார்?

புது தில்லி: கர்நாடகத்தின் மைசூரு மாவட்டம் பைலகுப்பேயில், அன்றைய மைசூர் மாநில அரசு அளித்த சுமார் 3 ஆயிரம் ஏக்கர் நிலத்தில் 1960-களின் தொடக்கத்தில் திபெத்திய அகதிகள் குடியமர்த்தப்பட்டனர். இத்தகைய குடியிருப்புகளின் குழந்தைகளுக்காக, பிரதமர் நேருவின் முயற்சியால் மத்திய கல்வி அமைச்சகம் 1961-இல் தனிப் பள்ளி அமைப்பைத் தொடங்கியது.

நிதி மத்திய அரசுடையது. ஆனால், அதன் நிர்வாகக் குழுவில் தலாய் லாமா தரப்புப் பிரதிநிதிகளுக்கும் இடம் அளிக்கப்பட்டது. மத்திய கல்வி வாரியப் பாடங்களுடன் திபெத்திய மொழியும் கற்பிக்கப்பட்டது. பின்னர், 2013 முதல் அப் பள்ளிகளை திபெத்திய நிர்வாகத்தின் கல்வித் துறையிடம் படிப்படியாக ஒப்படைக்கும் பணி தொடங்கியது. குடியிருப்புகளில் மாணவர் எண்ணிக்கை குறைந்துவரும் சிக்கலையும் அத் துறையே சமாளிக்க வேண்டியதாயிற்று.

தமிழகத்தில் இலங்கைத் தமிழ் அகதிகளின் நிலை வேறு. தந்தை செல்வாவின் மகன் சந்திரஹாசன் 1984-இல் தொடங்கிய 'ஒஃபர்' அமைப்பு, அகதிகளாலேயே நடத்தப்பட்டு மாணவர்களின் படிப்புக்குத் துணை நின்றது. எனினும் கல்லூரிச் சேர்க்கை, கட்டணச் சலுகை ஆகியவை மாநில அரசின் ஆணைகளையே பொருத்தவை.

1951-ஆம் ஆண்டு ஐ.நா. அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. அகதிகளுக்கெனத் தனிச் சட்டமும் இல்லை. 2015-இல் மக்களவையில் சசி தரூர் கொண்டுவந்த தனிநபர் மசோதா சட்டமாகவில்லை.

ஆணை மாறினால் சலுகையும் மாறும். சட்டம் தராத உறுதியை ஓரளவேனும் தரக்கூடியது, கல்வி குறித்து முடிவெடுக்கும் குழுவில் அகதிகளுக்கென ஓர் இடம். திபெத்தியர்களுக்கு 1961-இலேயே கிடைத்த அந்த இடத்தை ஈழத் தமிழ் மாணவர்களுக்காகக் கேட்பது, தமிழக எம்.பி.க்களின் கடமையாகும்.