ஒரே மாடல், ஒரே வருடம்... ரூ.70 ஆயிரம் வித்தியாசம் ஏன்? பழைய காரின் விலையைத் தீர்மானிப்பது எது?

ஒரே தெருவில் இரண்டு கார்கள் நிற்கின்றன என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் ஒரே மாடல், 2019-ல் பதிவு செய்யப்பட்ட பெட்ரோல் கார்கள். நிறம்கூட ஒன்றுதான். விற்கப் போனால் முதல் காருக்கு நாலரை லட்சம் தரத் தயாராக இருக்கிறார்கள். இரண்டாவது காரை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, "மூணு எண்பதுக்கு மேல போகாதுங்க" என்கிறார் புரோக்கர்.

இரண்டுக்கும் நடுவில் 70 ஆயிரம் ரூபாய் எங்கே போனது?

இது உதாரணக் கணக்குதான். ஆனால் செகண்ட் ஹேண்ட் கார் சந்தையில் அன்றாடம் நடப்பது இதுதான். வாங்க வருபவருக்கு எந்த இடத்தில் சந்தேகம் வருகிறதோ, அந்த இடத்தில் விலை இறங்குகிறது. அந்தச் சந்தேகங்கள் எவை? விற்பவர், வாங்குபவர் இருவரும் எதைக் கவனிக்க வேண்டும்? பார்க்கலாம்.

வயது: முதல் அடி இங்கேதான்

புது கார் ஷோரூமை விட்டு வெளியே வந்ததுமே விலை இறங்கத் தொடங்கிவிடும். ஆன்-ரோடு விலையில் சேர்ந்திருக்கும் சாலை வரி, இன்சூரன்ஸ், பதிவுக் கட்டணம் எதுவும் விற்கும்போது அப்படியே திரும்பி வராது.

எவ்வளவு இறங்கும் என்பதை ஓரளவு புரிந்துகொள்ள, இன்சூரன்ஸ் பாலிசியில் இருக்கும் ஐ.டி.வி. என்ற தொகை உதவும். கார் திருடுபோனாலோ, முழுமையாகச் சேதமடைந்தாலோ இன்சூரன்ஸ் நிறுவனம் கணக்கில் எடுத்துக்கொள்ளும் மதிப்பு இது. நிறுவனம் அறிவித்துள்ள விற்பனை விலையிலிருந்து இப்படிக் கழிக்கப்படும்:

- 6 மாதம் வரை: 5%
- 6 மாதம் முதல் 1 வருடம்: 15%
- 1 முதல் 2 வருடம்: 20%
- 2 முதல் 3 வருடம்: 30%
- 3 முதல் 4 வருடம்: 40%
- 4 முதல் 5 வருடம்: 50%

அதாவது 8 லட்சம் ரூபாய் காருக்கு, மூன்று வயது முடிந்து நான்காவது வருடம் ஓடும்போது ஐ.டி.வி. 4 லட்சத்து 80 ஆயிரம். சந்தை விலை இதைவிடக் கூடலாம், குறையலாம். ஆனால் பேரத்தைத் தொடங்க இது ஒரு நல்ல அளவுகோல்.

இன்னொரு விஷயம், பதிவு செய்த வருடத்தை மட்டும் பார்த்தால் போதாது. ஆர்.சி.யில் தயாரிக்கப்பட்ட மாதமும் வருடமும் இருக்கும். 2018 டிசம்பரில் தயாரான கார் 2019 ஜனவரியில் பதிவாகியிருக்கலாம். விவரம் தெரிந்தவர்கள் அதை '2018 மாடல்' என்றுதான் விலை பேசுவார்கள்.

15 வருடம் நெருங்கினால்?

சொந்தப் பயன்பாட்டு காரின் பதிவு 15 வருடத்துக்குச் செல்லும். அதன் பிறகு எஃப்.சி. காட்டி, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த இந்தப் புதுப்பிப்புக் கட்டணம், 2022 ஏப்ரல் 1 முதல் 5,000 ரூபாய் ஆனது. அதனால் 12, 13 வயதைத் தொட்ட கார்களை வாங்க வருபவர்கள், "இன்னும் ரெண்டு வருஷத்துல எஃப்.சி. செலவு வருமே" என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள்.

டெல்லியில் நிலைமை இன்னும் கடுமை. 10 வருடம் தாண்டிய டீசல் கார்களும், 15 வருடம் தாண்டிய பெட்ரோல் கார்களும் தலைநகர் பகுதியில் ஓடக் கூடாது என்பதை 2018-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. பிறகு வந்த உத்தரவுகளில் சில தளர்வுகள் இருந்தாலும், வயது கூடிய டீசல் கார்களை அங்கிருந்து மற்ற மாநிலங்களுக்குத் தள்ளிவிட அது ஒரு காரணமானது. 'டெல்லி கார் சீப்பா கிடைக்குது' என்ற பேச்சு வந்தது இப்படித்தான். ஆனால் என்.ஓ.சி., இங்கே கட்ட வேண்டிய சாலை வரி, மறுபதிவு அலைச்சல் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்த பிறகே அது சீப்பா, இல்லையா என்று சொல்ல முடியும். பக்கத்திலிருக்கும் புதுச்சேரி பதிவு எண் கார்களுக்கும் இதே கணக்குதான்.

மீட்டர் சொல்வது உண்மையா?

'50 ஆயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு' என்ற ஒரு வரிக்காக ஆயிரக்கணக்கில் விலை கூடும். அதனால்தான் மீட்டரைக் குறைத்து வைக்கும் மோசடியும் நடக்கிறது. டிஜிட்டல் மீட்டர் என்றால் மாற்ற முடியாது என்று நினைக்க வேண்டாம், அதையும் மாற்றுகிறார்கள்.

இதைக் கண்டுபிடிக்கச் சில எளிய வழிகள் உண்டு. அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் சர்வீஸ் செய்த கார் என்றால், ஒவ்வொரு முறையும் கிலோமீட்டர் பதிவாகியிருக்கும். போன வருட பில்லில் 72 ஆயிரம் என்று இருந்து, இன்று மீட்டரில் 48 ஆயிரம் காட்டினால் விஷயம் முடிந்தது.

பில் இல்லையென்றால் காரையே கேட்கலாம். கிளட்ச், பிரேக் பெடலின் ரப்பர் வழுவழுப்பாகத் தேய்ந்திருக்கிறதா? ஸ்டியரிங் பளபளப்பு ஏறியிருக்கிறதா? டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். '2321' என்றால் 2021-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரான டயர் என்று அர்த்தம். 2019 கார், 20 ஆயிரம்தான் ஓடியிருக்கிறது என்கிறார்கள், ஆனால் நாலு டயரும் 2021-ல் தயாரானவை என்றால், ஏன் மாற்றினார்கள் என்று கட்டாயம் கேட்க வேண்டும்.

அதே நேரம், குறைவாக ஓடிய எல்லா காரும் நல்ல கார் கிடையாது. மாதக்கணக்கில் ஷெட்டிலேயே நின்ற காரில் பேட்டரி போயிருக்கும், டயரில் வெடிப்பு விழுந்திருக்கும், எலி ஒயரைக் கடித்திருக்கும்.

எத்தனையாவது ஓனர்? பேப்பர் சரியா?

"சிங்கிள் ஓனர் வண்டி" என்று விளம்பரத்தில் முதலில் போடுவதற்குக் காரணம் இருக்கிறது. ஒரே கையில் இருந்த கார் என்றால், அது எப்படிப் பராமரிக்கப்பட்டது என்று கேட்க ஓர் ஆள் இருக்கிறார். மூன்று, நான்கு கை மாறிய காருக்குப் பதில் சொல்ல யாரும் இல்லை.

மத்திய அரசின் எம்-பரிவாஹன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால், பதிவு தேதி, இன்சூரன்ஸ் எதுவரை, லோன் இருக்கிறதா போன்ற அடிப்படை விவரங்களைச் சரிபார்க்கலாம். எத்தனையாவது ஓனர் என்பது ஆர்.சி.யிலும் இருக்கும். விலையைக் குறைக்கும் பேப்பர் சிக்கல்கள் பெரும்பாலும் இவைதான்:

- லோன் கட்டி முடித்தும் ஆர்.சி.யில் வங்கியின் பெயர் நீங்காமல் இருப்பது. வங்கியின் என்.ஓ.சி.யோடு படிவம் 35 கொடுத்து 'எச்.பி. கேன்சல்' செய்தால் தீரும் பிரச்னை இது.
- கட்டாமல் சேர்ந்திருக்கும் இ-சலான் அபராதங்கள்.
- ஆர்.சி.யில் ஏற்றாமல் பொருத்திய கேஸ் கிட், மாற்றிய நிறம்.
- முன்பு டாக்ஸியாக ஓடி, பிறகு சொந்தப் பயன்பாட்டுக்கு மாற்றிய கார்.

முதல் இரண்டையும் விற்கும் முன்பே சரிசெய்துவிடலாம். செய்யாமல் விட்டால், ஆகும் செலவைப் போல இரண்டு மடங்கை வாங்குபவர் விலையில் குறைப்பார்.

விபத்தும் வெள்ளமும்

பம்பரில் கீறல், கதவில் சின்ன நசுங்கல் இதெல்லாம் நம்மூர் சாலையில் ஓடும் எந்தக் காருக்கும் சகஜம். பெரிதாக விலை குறையாது. ஆனால் கூரையைத் தாங்கும் தூண்களிலோ, சேஸிஸிலோ அடிபட்டு வெல்டிங் செய்திருந்தால் கதை வேறு. அது அழகு சம்பந்தப்பட்டது இல்லை, அடுத்த விபத்தில் உள்ளே இருப்பவரின் உயிர் சம்பந்தப்பட்டது. கதவுகளுக்கு நடுவில் இடைவெளி சீராக இல்லாதது, பானெட் போல்ட்டில் ஸ்பேனர் பட்ட தடம், ஒரு கண்ணாடி மட்டும் வேறு கம்பெனியாக இருப்பது இவையெல்லாம் அடையாளங்கள்.

இன்சூரன்ஸ் பாலிசியிலும் ஒரு குறிப்பு கிடைக்கும். தொடர்ந்து ஐந்து வருடம் கிளைம் செய்யாதவருக்கு 50% 'நோ கிளைம் போனஸ்' கிடைக்கும். பாலிசியில் இது பூஜ்யமாக இருந்தால், கிளைம் செய்தீர்களா என்று கேட்கலாம். ஆனால் இந்த போனஸ் காருக்குச் சொந்தமில்லை, ஆளுக்குச் சொந்தம். பழைய காரிலிருந்து கொண்டு வந்ததாகவும் இருக்கலாம். எனவே இதைக் குறிப்பாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

2015 டிசம்பர் வெள்ளம், 2023 மிக்ஜாம் புயல் இரண்டையும் பார்த்த சென்னையிலும், 2023 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த தூத்துக்குடி, நெல்லையிலும் 'தண்ணியில நின்ன வண்டியா?' என்ற கேள்வி கட்டாயம் வரும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தால், வெளியே தெரியாத பகுதியில் சேற்றுக் கறை இருக்கும். தரைவிரிப்பைத் தூக்கினால் மண், சீட்டுக்கு அடியில் துரு, ஹெட்லைட்டுக்குள் நீர்ப்படலம், ஏ.சி. போட்டதும் வரும் புழுங்கிய வாடை... இதில் இரண்டு இருந்தாலே உஷாராக வேண்டும். வெள்ளம் பார்த்த காரில் எலக்ட்ரிகல் கோளாறுகள் மாதங்கள் கழித்தும் தலைகாட்டும்.

ஓனர் கையில் இல்லாத காரணங்கள்

சில நேரம் காரில் ஒரு குறையும் இருக்காது, ஆனாலும் விலை விழும்.

2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது. சென்னை அருகே மறைமலை நகர் ஆலையும் அதில் அடங்கும். 2017-ல் செவர்லே கார்களின் விற்பனை இங்கே நின்றது. கார் நன்றாக ஓடினாலும், "நாளைக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கிடைக்குமா?" என்ற கேள்வி விலையை இறக்கிவிடும். ஊருக்கு ஊர் சர்வீஸ் சென்டரும், எந்த மெக்கானிக்கும் கை வைக்கத் தெரிந்த இன்ஜினும் உள்ள மாடல்கள் விலையில் நிற்பதற்கும் இதுதான் காரணம்.

அடுத்தது வரி. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவிகிதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது, அதன் மேல் இருந்த செஸ்ஸும் நீங்கியது. புது காரின் விலை இறங்கினால், 'கொஞ்சம் சேர்த்துப் போட்டா புதுசே வாங்கிடலாமே' என்று ஆட்கள் யோசிப்பார்கள். பழைய காரும் இறங்கித்தான் ஆக வேண்டும்.

மின்சார கார் என்றால் முதல் கேள்வி பேட்டரிதான். வாரன்டி இன்னும் எத்தனை வருடம், அது அடுத்த ஓனருக்கும் செல்லுமா என்பதை எழுத்தில் காட்ட முடிந்தால் பேரத்தில் கை ஓங்கும்.

டீலரா, நேரடியாகவா?

டீலரிடம் கொடுத்தால் வேலை சீக்கிரம் முடியும், ஆனால் விலை குறையும். அவர் காரைச் சரிசெய்ய வேண்டும், லாபம் பார்க்க வேண்டும், வரியும் கட்ட வேண்டும். ஜி.எஸ்.டி. பதிவு பெற்ற டீலர், வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு 18% வரி செலுத்த வேண்டும். 4 லட்சத்துக்கு வாங்கி 4 லட்சத்து 40 ஆயிரத்துக்கு விற்றால், 40 ஆயிரத்துக்கு மட்டும் வரி. ஒரு தனிநபர் தன் சொந்த காரை இன்னொரு தனிநபருக்கு விற்றால் இந்த வரி கிடையாது.

விற்கும் முன் முழு பெயின்ட் அடித்தால் நல்ல விலை வருமா? பெரும்பாலும் வராது. புது பெயின்ட்டைப் பார்த்ததும் 'எதை மறைக்கிறாங்க?' என்ற சந்தேகம்தான் வரும். ஆடம்பர மியூசிக் சிஸ்டம், அலாய் வீலுக்குச் செலவழித்த பணமும் திரும்பாது. ஒரு சர்வீஸ், உள்ளே சுத்தம், இரண்டாவது சாவி, பில்கள் அடங்கிய ஒரு ஃபைல். இவ்வளவு போதும்.

பணம் கைக்கு வந்தால் முடிந்ததா?

இல்லை. ஆர்.சி.யில் பெயர் மாறும் வரை சட்டப்படி அந்த கார் பழைய ஓனருடையதுதான். அதற்குள் விபத்து நடந்தால், இழப்பீட்டுப் பொறுப்பு ஆர்.சி.யில் பெயர் உள்ளவரையே சேரும் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. எனவே படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததோடு நிற்காமல், பெயர் மாறிவிட்டதா என்று பார்த்து உறுதி செய்ய வேண்டும். மாநிலத்துக்குள் விற்றால் 14 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிப்பது விற்பவரின் கடமை. ஃபாஸ்டேக் கணக்கையும் மறக்காமல் மூடிவிட வேண்டும்.

சரி, அந்த 70 ஆயிரம் எங்கே போனது? முதல் காரோடு ஆறு வருட சர்வீஸ் பில்கள் இருந்தன, ஒரே ஓனர், லோன் நீக்கிய ஆர்.சி. இரண்டாவது கார் மூன்று கை மாறியது, ஆர்.சி.யில் வங்கியின் பெயர் அப்படியே இருக்கிறது, இரண்டு கதவுகளுக்குப் புது பெயின்ட், ஏன் என்று சொல்ல ஆள் இல்லை. ஓட்டிப் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் ஓடும். ஆனால் இரண்டாவது காரில் பதில் இல்லாத ஒவ்வொரு கேள்விக்கும் புரோக்கர் ஒரு விலை போட்டுவிட்டார்.

விற்கும் நாளில் யோசித்தால் இதில் பாதியைத்தான் சரிசெய்ய முடியும். கார் வாங்கிய நாளிலிருந்தே பில்களைச் சேர்த்து வைப்பவருக்கு மீதிப் பாதியும் கிடைக்கும்.