உலக இலக்குகளைக் கற்பித்தல்: மலேரியா தரும் பாடம்

2015ஆம் ஆண்டு செப்டெம்பரில் ஐக்கிய நாடுகள் சபையின் உறுப்பு நாடுகள் நிலைபேறான அபிவிருத்தி இலக்குகள் 17இனை ஏற்றுக்கொண்டன. 2030ஆம் ஆண்டிற்குள் அவற்றை எய்துதல் வேண்டுமென்பது உடன்பாடு. இவ்விலக்குகளின் பெயர்களை வரிசை பிறழாது ஒப்பிக்கும் மாணாக்கர் பலர் உளர். ஆயின், நாடுகள் கூடித் தொழிற்படுதல் எத்தகையதென வினவின் அவர் வாய்வாளாதிருப்பர். இது மாணாக்கர் குற்றமன்று; பட்டியலையே பாடமாகக் கொள்ளும் முறையின் குற்றமாகும்.

ஓர் இலக்கின் ஒரு கூறினை எடுத்து, அதன் வரலாற்றை முற்ற ஆராய்தலே தக்க வழி. மூன்றாம் இலக்கில் அடங்குவது மலேரியா ஒழிப்பு. அதற்கு எம் நாட்டினுஞ் சிறந்த எடுத்துக்காட்டுக் கிடைத்தல் அரிது.

1934, 1935ஆம் ஆண்டுகளில் இலங்கையிற் பரவிய மலேரியாக் கொள்ளைநோயினால் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் வீட்டுச் சுவர்களில் டி.டி.ரி. தெளிக்கப்பட்டது. உலக சுகாதார நிறுவனம் 1955இல் தொடக்கிய ஒழிப்பு முயற்சியிலும் இலங்கை இணைந்தது. 1963இல் நாடு முழுவதிலும் காணப்பட்ட நோயாளர் 17 பேரே. (இலக்குகளின் தொகையோடு இவ்வெண் ஒத்திருத்தல் தற்செயலே, எனினும் நினைவிற் கொள்ளத் துணைபுரியும்.) நோய் அற்றதெனக் கருதி மருந்து தெளித்தல் நிறுத்தப்பட்டது, கண்காணிப்புத் தளர்ந்தது. 1969இல் நோயுற்றோர் ஐந்து இலட்சத்தைக் கடந்தனர். இவ்விரண்டு எண்களையும் கரும்பலகையில் அருகருகே எழுதி, இடையே நிகழ்ந்தது யாதென மாணாக்கரை வினவுக. நீண்ட விரிவுரையினும் அவ்வினா மிகுந்த பயன் தரும்.

பின்னர் நோயை அடக்கப் பல்லாண்டுகள் சென்றன. போர்க்காலத்தும் வடக்கிலும் கிழக்கிலும் மலேரியாத் தடுப்புப் பணி முற்றாக நின்றிலது. எய்ட்ஸ், காசநோய், மலேரியா ஆகியவற்றை எதிர்க்கும் உலக நிதியம் பொருளுதவியது. உள்நாட்டிலே தொற்றிய இறுதி நோயாளர் 2012 ஒற்றோபரிற் காணப்பட்டார். 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது.

வரலாறு ஈண்டு முடிந்திலது. வெளிநாடு சென்று மீள்வோர் சிலர் ஆண்டுதோறும் அந்நோயுடன் வருகின்றனர். மேலும், இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிசு தெபென்சி என்னும் நுளம்பு 2016இன் இறுதியில் மன்னாரிலும், பின்னர் யாழ்ப்பாணத்திலும் கண்டறியப்பட்டது. அது கிணற்றிலும் நீர்த்தொட்டியிலும் பெருகுவது. இந்தியாவும் 2030இனையே எல்லையாகக் கொண்டு மலேரியாவை ஒழிக்க முயல்கின்றது. அம்முயற்சி தளருமாயின் எமது சான்றிதழ் எத்தனை நாள் நிற்கும்? உயர்வகுப்பு மாணாக்கர் தத்தம் இல்லக் கிணற்றிற் புழுவுண்டோ என நோக்கி எழுதிவருக. அதன்பின் பாக்குநீரிணையின் படத்தை விரித்து, அந்நுளம்பு வந்திருக்கக்கூடிய வழிகளை அவர்களே வரைக.