குருதிப் பெருக்கும் முதல் மூன்று மணி நேரமும்

கதிரடிக்கும் இயந்திரத்தில் கை சிக்கியவரையும், அரிவாள் காலில் பாய்ந்தவரையும் அறியாத கிராமம் இராது. வளர்ந்த மனிதர் உடலில் சுமார் 5 லிட்டர் இரத்தமே உண்டு. பெரிய தமனி அறுபடின், ஆஸ்பத்திரியை எட்டுமுன் சில நிமிஷங்களிலேயே உயிர் பிரியக்கூடும். ஆகவே சிகிச்சை தொடங்குமிடம் களத்துமேடே எனலாம்.

செய்யத்தக்கது எளியதே. சுத்தமான துணியை மடித்துக் காயத்தின்மேல் வைத்து விடாமல் அழுத்த வேண்டும். நின்றுவிட்டதா என்று அடிக்கடி எடுத்துப் பார்த்தல் கூடாது. உறையத் தொடங்கிய இரத்தம் அதனால் கலைந்துவிடும். காப்பித்தூள், மஞ்சள், சாணம் ஆகியவற்றை அப்பும் வழக்கத்தை அடியோடு விட்டொழிக்குமாறு வற்புறுத்துகிறோம். அழுத்தியும் நில்லாமல் கை கால்களிலிருந்து பீறிடுமாயின், காயத்திற்கு நான்கு விரற்கடை மேலே, மூட்டைத் தவிர்த்து, அகலமான துணியைக் கட்டி, குச்சியைச் செருகி, இரத்தம் நிற்கும்வரை முறுக்க வேண்டும். கட்டிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுதல் அவசியம். வலியால் துடிக்கிறாரே என்று இரக்கப்பட்டு வழியில் தளர்த்துவோர் உண்டு; அது ஆபத்து. உடல் குளிர்ந்தால் இரத்தம் உறைவது குறையுமாதலால் கம்பளியால் போர்த்துக.

ஆஸ்பத்திரியில் நடப்பதையும் நாம் அறிதல் நன்று. இரத்த வகையைப் பரிசோதிக்க அவகாசமில்லையெனில் ஓ வகை இரத்தத்தை உடனே ஏற்றுவர். உப்புநீரை மட்டும் மிகுதியாக ஏற்றினால் இரத்தம் நீர்த்துப்போகும். டிரானெக்ஸாமிக் அமிலம் என்றொரு மருந்தும் உண்டு. ஜப்பானிய விஞ்ஞானிகளான ஒகமோட்டோ தம்பதியர் 1962-இல் வெளியிட்டது அது; உறைந்த இரத்தம் மீண்டும் கரையாமல் காப்பது. 40 நாடுகளில், காயமுற்றோர் 20,000-க்கு மேற்பட்டவர்களிடம் நடந்து 2010-இல் வெளியான ஆராய்ச்சி, இம்மருந்தால் மரணம் குறைவதைக் காட்டியது. ஆனால் காயம் பட்ட 3 மணி நேரத்திற்குள் கொடுத்தாலே பயன். பிந்தினால் தீங்கும் நேரலாம். பிரசவத்திற்குப் பின் ஏற்படும் பெருக்கிலும் இது உதவுமென 2017-இல் தெரியவந்தது.

போலீஸ் விசாரணைக்கு அஞ்சி ஒதுங்குவோர் இன்றும் உளர். சாலை விபத்தில் நல்லெண்ணத்துடன் உதவுபவர்மீது வழக்குத் தொடர இயலாதென்றும், பெயரைக் கூறும்படி அவரைக் கட்டாயப்படுத்தலாகாதென்றும் 2019-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத் திருத்தமும் அதன்கீழ் இயற்றப்பட்ட விதிகளும் கூறுகின்றன.

பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கு ஒரு வேலை உண்டு. அருகிலுள்ள எல்லாச் சுகாதார நிலையங்களிலும் இரத்தம் இருப்பில் இராது. இரத்த வங்கியும் அறுவை வசதியும் உடைய ஆஸ்பத்திரி எது, மழைக்காலத்தில் அதற்குச் செல்லும் வழி எது, இரவில் வண்டி தருவோர் யாவர் என்பவற்றை முன்கூட்டியே விசாரித்து, 108 என்னும் எண்ணுடன் சேர்த்துப் பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் பெரிய எழுத்துக்களில் எழுதிவைக்கலாம்.